நிறைஞ்சிருக்கு

ஜூன் 9, திங்கள்

இது கரண்ட் ஆபீஸ் யூனியன்ல வருஷா வருஷம் குடுக்குற டைரி. எங்க வீட்டுல இதுல பால் கணக்கைத் தவிர வேற எதுவும் எழுதினது கிடையாது. இன்னைக்கு சிஸ்டர் ஜெயசீலி, "அம்மா, சாருக்கு உள்ள போற தண்ணி, வெளிய போற தண்ணி ரெண்டையும் குறிச்சு வைக்கணும்"னு சொன்னதும் பையிலேருந்து இதை எடுத்தேன். பின்பக்கம் தண்ணிக் கணக்கு. முன்பக்கம் சும்மாதான கிடக்கு, நான் எழுதிக்கிடுதேன். இந்தக் கண்ணாடி அறைக்குள்ள நானும் எங்க வீட்டுக்காரவுகளும் மட்டும்தான். அவுககிட்ட எல்லாத்தையும் பேசிர முடியாது.

வாயில மாஸ்க், தலையில தொப்பி, காலுக்குத் தனிச் செருப்பு. நான் வேலை பாக்குற சங்கரன்கோவில் ரேஷன் கடையில என் குரலைக் கேட்டா வரிசை நேராகும். அந்தச் சனம் இப்போ என்னைப் பாத்தா சிரிச்சு உருளும்.

அவுகளுக்கு ரத்தப் புற்றுநோய். போன ஐப்பசியில கம்பத்துல ஏறும்போது மூச்சு வாங்குதுன்னு சொன்னாவ. வயசாச்சுல்லா, லைன்மேன் வேலை போதும், ஆபீஸ்ல உக்காருங்கன்னு நான் சத்தம் போட்டேன். அப்புறம் ஈறுல ரத்தம் வந்துது, சென்னைக்கு வந்தோம், மருந்துல நோய் அடங்கிச்சு. திரும்ப வராம இருக்கணும்னா எலும்பு மஜ்ஜையை மாத்தணும்னு டாக்டர் அருந்ததி சொல்லிட்டாங்க. இப்போ ஏறிக்கிட்டு இருக்குற மருந்து அவுக மஜ்ஜையை மொத்தமா அழிச்சிரும். நல்லது கெட்டதுன்னு பாக்காது. அதுக்கப்புறம் அவுக தங்கச்சி பேச்சியோட ரத்தத்துலேருந்து மூல அணுக்களை எடுத்து இவுகளுக்கு ஏத்துவாங்க. அது எலும்புக்குள்ள போய் இடம் பிடிச்சு, புது ரத்தம் ஊறணும். ஊறினா பிழைச்சோம். ஊறலைன்னா என்னன்னு நான் கேக்கலை. டாக்டரும் சொல்லலை.

ஜூன் 10, செவ்வாய்

பேச்சிக்கு அணு பெருக ஊசி போடுதாங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்னால நாங்க எடுத்திருக்குற வாடகை அறையில படுத்துக்கிட்டு ஒரே அனத்தல். "மதினி, இடுப்பு எலும்புக்குள்ள யாரோ உரல்ல போட்டு இடிக்காவ."

"உங்க அண்ணனுக்குத்தான, இடிச்சா இடிக்கட்டும்"னேன். பிறகு சாயங்காலம் அவுக தூங்கின நேரமாப் போய், அவ தூங்குற வரைக்கும் இடுப்பை அமுக்கி விட்டேன். இதை அவ ஊர்ல போய்ச் சொல்ல மாட்டா. நான் இடிக்கட்டும்னு சொன்னதை மட்டும் சொல்லுவா.

இவ அப்பவே அப்படித்தான். நான் கல்யாணமாகி வந்த மூணாம் நாள், அடுக்களையிலேருந்து, "அத்தை, உப்பு இல்லை"ன்னு கத்திட்டேன். மாமியார் ஓடி வந்து என் வாயைப் பொத்தினாவ. அந்த வீட்டுல உப்பு, அரிசி, மஞ்சள் எதையும் இல்லைன்னு சொல்லக் கூடாது, நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். உப்பு தீர்ந்தா "உப்பு நிறைஞ்சிருக்கு". கேக்குறவங்க புரிஞ்சுக்கிட்டு கடைக்குப் போகணும். அப்போ பேச்சி பாவாடை சட்டை போட்ட பிள்ளை. "புது மதினி வீட்டுல உப்பு இல்லைன்னு சொல்லிட்டா"ன்னு தெரு பூரா தண்டோரா போட்டுட்டா.

அந்த மூணாம் நாளுக்குப் பிறகு வீட்டுக்குள்ள நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கடையில ஒரு நாளைக்கு நூறு பேருக்கு பாமாயில் இல்லை, துவரம்பருப்பு இல்லைன்னு சொல்லுத வாய்தான். வீட்டுப் படி ஏறினா வேற வாய்.

ஜூன் 12, வியாழன்

ஏத்தியாச்சு. ஒரே ஒரு பை. தக்காளி ரசம் மாதிரி ஒரு நிறம். "இவ்வளவுதானா?"ன்னு அவுக கேட்டாவ. பெரிசா ஆபரேஷன் எதிர்பாத்திருந்தாவ போல.

பேச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையை ஆட்டினா. நாள் பூரா மெஷின்ல கையை நீட்டிப் படுத்துக் கிடந்தவ, முகம் சுண்ணாம்பா இருந்துது. அவுக இங்கேருந்து சைகையில, சாப்பிட்டியான்னு கேட்டாவ. அவளும் அதையேதான் கேட்டா.

டாக்டர் வந்தப்போ அவுக ஒரு காரியம் பண்ணினாவ. "டாக்டரம்மா, ரத்த எண்ணிக்கையெல்லாம் எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிருங்க. எனக்கு அவ சொல்லுவா. அவ வாயால கேட்டுக்கிடுதேன்." டாக்டர் என்னைப் பாத்தாங்க. நான் என்ன சொல்ல, தலையை ஆட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

பேச்சி போயிட்டு வாரேன்னு கிளம்பினா. ஆடுகளையும் வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சிட்டு வந்திருக்கா. ரெண்டுல எது இளைச்சிருக்கோன்னு அவளுக்குக் கவலை. பஸ்ஸுக்குப் புளியோதரை கட்டிக் குடுத்தேன். புளி கூடிப்போச்சுன்னு போன்ல சொன்னா. பாத்திரத்துல மிச்சம் வச்சியான்னேன். போனை வச்சிட்டா.

ஜூன் 18, புதன்

எண்ணிக்கை இறங்கிக்கிட்டே வந்து இன்னைக்கு ஒண்ணுமில்லாமப் போயிட்டு. கிருமியோட சண்டை போடுற வெள்ளணு சுழி. இது இப்படித்தான் ஆகணும், பழசு அழிஞ்சாத்தான் புதுசு வரும்னு சிஸ்டர் சொன்னாங்க. எனக்கும் புரியுது. ஆனா கண்ணாடிக் கதவுக்குள்ள நுழைஞ்சதும் அவுக முகத்தை நிமித்திக் கேட்டாவ. "ஏளா, எவ்வளவு இருக்கு?"

சுழின்னு சொல்ல நாக்கு எழும்பலை. இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன், அவுக உடம்புல ரத்தம் இல்லைன்னு. வாயில தானா வந்துட்டு. "நிறைஞ்சிருக்கு."

"சரி"ன்னாவ. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தாவ. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்டாவ.

நம்பிட்டாவ. நல்லதுதான்.

ஜூன் 20, வெள்ளி

வாய் பூரா புண். எச்சில் முழுங்க முடியலை. குக்கர்ல குழைய வச்ச சாதத்தை அரைச்சு ஸ்பூன்ல குடுத்தேன், ரெண்டு வாய். முடி கொத்தாக் கொட்டுது. தலையணையைத் தட்டும்போது, "சொர்ணம், இதை விக்க முடியுமான்னு பாரு"ன்னாவ.

காய்ச்சல் நூத்தி ரெண்டு. ஊசி மேல ஊசி.

எனக்குப் பயம்னு மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துது போல. "கரண்ட் போனா வந்துரும் ஏளா. நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்"னாவ. சொல்லியிருக்காவ, நிஜம்தான். டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு கிடக்கும், போன்ல கேக்குறவங்களுக்கெல்லாம் "வந்துட்டே இருக்கு அண்ணாச்சி, வந்துட்டே இருக்கு"ன்னு சொல்லுவாவ. பாதி ஊருக்கு அவுக சொன்ன பொய்யிலதான் ராத்திரி தூக்கமே வந்திருக்கு.

ஜூன் 24, செவ்வாய்

நிறைஞ்சிருக்கு.

ஜூன் 25, புதன்

இன்னைக்கு ஒரு கூத்து.

மக தாரணி புனேலேருந்து கூப்பிட்டா. "அம்மா, அப்பாவுக்கு கவுண்ட் எப்படி?" நான் கட்டில் பக்கத்துலயே நிக்கேன், அவுக கண்ணை மூடிக் கிடக்காவ. வேற என்ன சொல்ல முடியும். "நிறைஞ்சிருக்கு"ன்னேன். "நெஜமாவா அம்மா?"ன்னு கேட்டா. "ஆமா, வை போனை"ன்னேன்.

அவ ஒண்ணாம் வகுப்புலேருந்தே ஹாஸ்டல். எங்க வீட்டு அடுக்களைப் பேச்சு அவளுக்கு எங்க தெரியப் போகுது. அரை மணி நேரத்துல சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டா. அப்பாவுக்கு ரத்தம் ஊறிடுச்சு, எண்ணிக்கை நிறைஞ்சிருக்கு, எல்லாருக்கும் நன்றின்னு. ஒரே கும்பிடு, மாலை, விளக்குப் படம். என் சித்தி மக, கோமதி அம்மன் சன்னதியில மாவிளக்கு ஏத்தினதைப் போட்டோ பிடிச்சுப் போட்டிருக்கா. கரண்ட் ஆபீஸ்ல அல்போன்ஸ் அண்ணன் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்துட்டு, அவுகளுக்கே போன் பண்ணிட்டாவ.

அவுக போனைக் காதுல வச்சு, புண் வாயோட, "ஆமாலே அல்போன்ஸு, நிறைஞ்சிருக்கு"ன்னு சொன்னாவ. சொல்லும்போது என்னைப் பாக்கலை. ஜன்னலைப் பாத்தாவ.

தாரணியைத் தனியாக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னேன். அழுதா. நான் திட்டினேன். அவ என்ன பண்ணுவா பாவம். நான்தான் ஊர்ல இல்லாத வார்த்தையைச் சொன்னேன். குரூப்ல மாத்திப் போடட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன். மாவிளக்கு ஏத்தினது ஏத்தினதாவே இருக்கட்டும்.

குரூப்ல ஒரே ஒரு ஆள் மட்டும் பதில் போடலை. பேச்சி. நாள் பூரா காலை வணக்கமும் கோழிக் குழம்பும் அனுப்புறவ. ஆடு மேய்க்கப் போயிருப்பா.

ஜூன் 26, வியாழன்

விடியக்காலம் ரத்தம் எடுத்தாங்க. சுழி. இந்நேரம் கொஞ்சம் தலைகாட்டியிருக்கணும், சிலருக்கு மெதுவா வரும், பாப்போம்னு டாக்டர் சொன்னாங்க.

அவுக கேட்டாவ. சொன்னேன். சாப்பிட்டியான்னாவ.

ஜூன் 27, வெள்ளி

காலையில கதவைத் திறந்து வெளிய வந்தா, வராண்டாவுல பேச்சி உக்காந்திருக்கா. மடியில ஒரு கட்டைப்பை. பஸ்ல வந்த சேலை கசங்கி, தலை கலைஞ்சு.

"யாரைக் கேட்டு வந்தே?"ன்னேன்.

"நீங்கதான மதினி சொன்னிய, நிறைஞ்சிருக்குன்னு."

அவ பக்கத்துல உக்காந்துட்டேன். குரூப்ல அத்தனை பேரு கும்பிடு போட்டிருக்காங்க, இவ ஒருத்திக்குத்தான் அது புரிஞ்சிருக்கு. அந்த அடுக்களையில வளர்ந்தவ இல்லையா. அந்த வார்த்தை வந்தா கடைக்கு ஓடணும்னு தெரிஞ்சவ.

"என்னுது பத்தலை போல மதினி. இன்னும் எடுத்துக்கச் சொல்லுங்க. ஊசி எத்தனைன்னாலும் போடட்டும். நான் கத்த மாட்டேன்"னா. சொல்லிட்டு, "ஒருவேளை நான் சின்ன வயசுல அண்ணன்கிட்ட எதையும் குடுக்க மாட்டேன்னு சண்டை போடுவேன்லா, அதான் என் அணுவும் அப்படியே இருக்கோ?"ன்னு கேட்டா. விளையாட்டுக்குக் கேக்கலை. நிஜமாவே அவளுக்கு அந்தச் சந்தேகம் இருக்கு.

"ஏட்டி, உன் அணுவுக்கு உன்னை மாதிரி வாய் இருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரி பூரா கேட்டிருக்கும்"னேன். சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். சிஸ்டர் ஜெயசீலி தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க.

டாக்டரைப் பாத்தோம். அடுத்த வாரக் கடைசி வரைக்கும் பாக்கலாம், அதுக்கப்புறமும் வரலைன்னா பேச்சிகிட்ட இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கும், அது லேசான காரியம் இல்லை, அவர் உடம்பு தாங்கணும்னு சொன்னாங்க. பேச்சி, "நான் இங்கேயேதான் இருப்பேன்"னு சொல்லிட்டா. கட்டைப்பையில அவுகளுக்குப் பிடிச்ச சுண்டவத்தல், சேவு. வெளிச் சாப்பாடு எதையும் உள்ள விட மாட்டாங்கன்னு சொல்லியும் கொண்டு வந்திருக்கா.

அவ வந்ததை அவுககிட்ட என்னன்னு சொல்லன்னு தெரியலை. "ஆடு அலுத்துப் போச்சாம், பட்டணம் பாக்க வந்திருக்கா"ன்னேன். "அப்படியா"ன்னாவ. கொஞ்ச நேரம் கண்ணாடி வழியா அவளையே பாத்துக்கிட்டு இருந்தாவ.

ஜூன் 30, திங்கள்

தண்ணி உள்ள 1400. வெளிய 1150. இதைப் பின்பக்கம் எழுதணும், முன்பக்கம் எழுதிட்டேன். தூக்கம் இல்லை.

ஜூலை 2, புதன்

நேத்து ராத்திரி குளிர் ஜுரம் தூக்கிப் போட்டுட்டு. ரெண்டு கம்பளி, அதுக்கு மேல நான் கையைப் போட்டுப் பிடிச்சிருந்தேன். டாக்டருங்க வந்து மருந்தை மாத்தினாங்க. விடியும்போதுதான் அடங்குச்சு.

கண் முழிச்சதும் முதல் பேச்சு, "இன்னைக்கு எவ்வளவு இருக்கு?"

எனக்குக் கோபம் வந்துட்டு. ரத்தமே இன்னும் எடுக்கலை, அதுக்குள்ள என்ன அவசரம், தினமும் இதையே கேட்டு என் உயிரை வாங்குறியளேன்னு கத்திட்டேன். அவுக ஊசி குத்தின கையைத் தூக்கி என் தொப்பியைச் சரி பண்ணி விட்டாவ. கோணலா இருந்துதாம்.

பத்து மணிக்கு ரிசல்ட் வந்துது. போய்ச் சொன்னேன், அதே வார்த்தைதான்.

இந்த மனுஷன் எனக்கு வேணும். வேற எதுவும் எழுதத் தோணலை.

ஜூலை 4, வெள்ளி

காலையிலேருந்து இடுப்பு வலின்னு நெளியுதாவ. படுத்தே கிடந்தா வலிக்கத்தான் செய்யும்னு தலையணை வச்சுக் குடுத்தேன். கேக்கலை. "வெளி வலி இல்லைளா. எலும்புக்கு உள்ள. உரல்ல போட்டு இடிக்குற மாதிரி இருக்கு"ன்னாவ.

இது பேச்சி சொன்ன வார்த்தைல்லா. அவ அனத்தினப்போ அவுக இந்த அறையில கிடந்தாவ, கேட்டிருக்கவே முடியாது.

சிஸ்டர் ஜெயசீலிகிட்ட சொன்னேன். அவங்க மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் மாறிச்சு. "அம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு ரிசல்ட் வரட்டும். சில பேருக்கு உள்ள வேலை நடக்கும்போது இப்படி வலிக்கும்"னாங்க.

பேச்சிகிட்ட சொன்னதும் அவ தன் இடுப்பைத் தொட்டுப் பாத்துக்கிட்டா.

ஜூலை 5, சனி

நூத்தி நாப்பது.

சிஸ்டர் ரெண்டு தடவை சொன்னாங்க. நான் மூணாவது தடவையும் கேட்டேன். நூத்தி நாப்பது. ஐநூறைத் தாண்டி மூணு நாள் நிக்கணும், இப்பவே ஆடக் கூடாது, ஆனா வந்திருச்சு, இது பேச்சியம்மாவோட அணுதான்னு சொன்னாங்க. வராண்டாவுல பேச்சி ஒரு வார்த்தை பேசலை. இவளுக்கும் பேச்சு நிக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன்.

கையைக் கழுவி, கவுன் போட்டு, கதவுகிட்ட வந்துட்டேன். அப்போதான் ஒரு சிக்கல் உறைச்சுது. உள்ள போய் என்ன சொல்ல? இத்தனை நாளா அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தீத்தாச்சு. இப்போ வந்திருக்கும்போது சொல்ல என்கிட்ட வார்த்தை இல்லை.

அவுக கேட்டாவ. "எவ்வளவு இருக்கு?"

"இருக்கு"ன்னேன்.

அவுக எந்திரிச்சு உக்காந்தாவ. தானா. நான் பிடிக்கலை.

"இருக்கா?"

"இருக்கு. நூத்தி நாப்பது."

முகத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டாவ. தோள் குலுங்குச்சு. வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டினாவ. பிறகு, "எங்க அம்மா அடுக்களையில வளர்ந்தவன்கிட்டயே அந்தச் சரக்கை விக்கப் பாத்தியேளா"ன்னாவ.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"முத நாளே தெரியும். உப்பு நிறைஞ்சிருந்தா கடைக்கு ஓடுறது யாரு? நான்தான."

"தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் கேட்டிய? அல்போன்ஸ் அண்ணன்கிட்டயும் அதையே சொன்னிய?"

"அவன் லட்டு வாங்கிட்டேன்னு சொல்லுதான். திருப்பிக் குடுக்கவா சொல்ல முடியும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாவ. "நீ ரேஷன் கடைக்காரி. இல்லைன்னு சொல்லுறது உனக்குப் பெரிய காரியம் இல்லை. என்னைக்கு என்கிட்டயும் இல்லைன்னு சொல்லுவியோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லலை. அதைக் கேக்கத்தான் தினமும் கேட்டேன்."

இந்த மனுஷனை நான் ஏமாத்தினதா நினைச்சு டைரியில வேற எழுதி வச்சிருக்கேன். நல்லா இருக்கு.

ஜூலை 9, புதன்

560. 840. 1210. மூணு நாளும் நின்னுட்டு. டாக்டர் அருந்ததி வந்து அவுக கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. இனி ரொம்ப நாளைக்குக் கவனமா இருக்கணும், புது அணுவும் பழைய உடம்பும் ஒண்ணுக்கொண்ணு முறைச்சுக்கிடாமப் பாத்துக்கணும், மாத்திரை ஒரு வேளை தப்பக் கூடாதுன்னு சொன்னாங்க. நாத்தனா மதினின்னு எங்களைச் சேத்துத்தான் சொல்லுதாங்களோன்னு பேச்சி கேட்டா.

தாரணி குரூப்ல என்னன்னு போடன்னு கேட்டா. ஏற்கெனவே போட்டதுதான, சும்மா இருன்னேன்.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரிலேருந்து வாடகை அறைக்கு வந்துட்டோம். இன்னும் ரெண்டு மாசம் இங்கதான், வாரத்துக்கு ரெண்டு நாள் போய்க் காட்டணும். அவுக ஜன்னல் பக்கம் நாற்காலியில உக்காந்து, தெருவுல தொங்குற ஒயரைப் பாத்து, இதை எவன் இழுத்தான்னு திட்டிக்கிட்டு இருக்காவ. குரல் திரும்பிட்டு.

மத்தியானம் பேச்சிதான் சமையல். திடீர்னு உள்ளேருந்து சத்தம் வந்துது.

"மதினி, நிறைஞ்சிருக்கு!"

அவுக திட்டு பாதியிலயே நின்னுட்டு. நான் மடிச்சுக்கிட்டு இருந்த துணி கையிலயே இருந்துது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். அவுக முகத்துல ரத்தமே இல்லை. என் முகத்துலயும் இருந்திருக்காது.

பேச்சி கரண்டியோட எட்டிப் பாத்தா. "உப்பைச் சொன்னேன்"னா. எங்களைப் பாத்ததும் அவளுக்கும் புரிஞ்சிட்டு. கரண்டியைக் கீழ வச்சிட்டா.

அவுகதான் பேசினாவ. "பேச்சி, அம்மா மேல மரியாதை இல்லாம இல்லை. ஆனா இனிமே நம்ம வீட்டுல அந்த வார்த்தையை யாரும் அப்படிச் சொல்லாதீங்க. நிஜமா நிறைஞ்சிருந்தா மட்டும் சொல்லுங்க. உப்பு இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது. வாங்கிக்கிடலாம்."

"நான் சொல்ல மாட்டேன், அம்மா வந்து வாயைப் பொத்தும்"னு பேச்சி சொன்னா. "மதினி ஏற்கெனவே சொல்லிப் பழகினவங்க. அவங்க முதல்ல சொல்லட்டும்."

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாவ. கடையில சொல்லுத மாதிரி சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். கல்யாணமான மூணாம் நாள் குரல்தான் வந்துது.

உப்பு இல்லை.

யாரும் வாயைப் பொத்தலை. அவுக செருப்பைத் தேடினாவ. நீங்க எங்க கிளம்புதிய, தெருப் பக்கம் போகவே கூடாதுன்னேன். "கடைக்கு இல்லைளா, வாசப்படி வரைக்கும்தான். நீ போயிட்டு வா, நான் இங்க நிக்கேன்"னாவ. கடையிலேருந்து திரும்பிப் பாத்தேன், மாஸ்க்கோட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாவ.